கரண்டி ஒண்ணு, புதுசு

"அப்பத்தா வீடு" குழு, புதன் சாயங்காலம்

செந்தில் (6.12): எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை காலைல 6 - 7.30 திருப்பாலை மனைல பூமி பூஜை. மேஸ்திரி குடுத்த சிட்டை போட்டிருக்கேன். யாரு எதைக் கொண்டு வர்றீங்கன்னு சொல்லிட்டா வசதி.
[படம்: செங்கல் 5, மஞ்சள், குங்குமம், நவதானியம், எலுமிச்சை 4, தேங்காய் 3, பால், பூ 5 முழம், கரண்டி 1 புதுசு]

தேனி அத்தை (6.15): நவதானியம் என் பொறுப்பு

மாமா (6.15): பூ

கவிதா (6.31): அண்ணே கரண்டி வாங்கிட்டேன். ஆபீஸ் பக்கத்துலயே பாத்திரக்கடை. நல்ல கனம்
[படம்]

செந்தில் (6.33): ஏம்மா இது குழிக்கரண்டி

கவிதா (6.33): சிட்டைல கரண்டின்னுதானே இருக்கு? பால் ஊத்தறதுக்குன்னு நினைச்சேன்

பிரபு (6.34): கொத்தனார் சாம்பாரா ஊத்தப் போறாரு

பெரியப்பா (6.47): கவிதா மேல தப்பில்லப்பா. அந்தச் சொல்லு அப்படி. சமையக்காரருக்கும் கரண்டி, கொத்தனாருக்கும் கரண்டி. கலவைய அள்ளி வரி மேல போட்டு, கல்ல வச்சு, பிடியால ரெண்டு தட்டு தட்டி, பிதுங்கி வர்ற கலவைய அதே விளிம்பால வழிச்சு எடுக்கிறாரே, அதுவும் கரண்டிதான். அரச இலை மாதிரி முனை கூம்பி இருக்கும். கரணைன்னும் சொல்லுவாங்க. அடுப்படிக்கு வந்தா இன்னும் குழப்பம். குழிக்கரண்டி, தாளிப்புக் கரண்டி, ஜல்லிக்கரண்டி, தோசைக்கரண்டி. தோசைக்கரண்டிய சட்டுவம்னு சொல்ற ஊரும் இருக்கு. நாகர்கோவில் பக்கம் தவின்னு ஒண்ணு. நான் அங்க வேலை பாத்தப்ப பக்கத்து வீட்டம்மா "தவி இருக்கா"ன்னு கேட்டு வந்தாங்க, உங்க பெரியம்மா முழிச்சிட்டு நின்னா.

பிரபு (6.49): பாதி படிச்சிருக்கேன் பெரியப்பா. மீதி சாப்பிட்டு வந்து

சித்தி (6.50): தேக்கரண்டின்னு போடுறாங்களே மாமா, அது எவ்வளவு

பெரியப்பா (6.52): தேக்கரண்டி 5 மில்லி. மேசைக்கரண்டி 15 மில்லி. பேத்திக்கு மருந்து ஊத்தறதுக்குக் கேக்கிறியாம்மா? வீட்டு ஸ்பூன்ல ஊத்தாத. பாட்டில் மூடியில கோடு போட்டிருப்பான், அதுல அள.

தேனி அத்தை (6.58): நம்ம அம்மாவுக்கு மில்லி ஏது அண்ணே. ஒரு கரண்டி எண்ணெய், ஒரு கரண்டி மாவு. எல்லாத்துக்கும் அந்த நீளக்காம்பு இரும்புக் கரண்டிதான்

மாமா (6.58): அதுல போட்ட முட்டை!!

கவிதா (6.59): கரண்டி ஆம்லேட்டா? நம்ம மதுரை மெஸ்ல எல்லாம் போடுறாங்களே

தேனி அத்தை (7.03): அது வேற இது வேற. விறகடுப்புத் தணலுக்கு நேரா கரண்டிய நீட்டிப் பிடிப்பா. நல்லெண்ணெய் காய்ஞ்சதும் சின்ன வெங்காயம், மிளகு போட்டு அடிச்ச முட்டைய ஊத்துவா. பணியாரமாட்டம் உப்பும். ஓரம் மொறுமொறுன்னு நடுவுல மெத்துன்னு. கடைசிப் பிள்ளைக்குத்தான் முதல் முட்டை

திருப்பூர் சித்தப்பா (7.04): அக்கா இன்னும் நீ அத விடலயா

தேனி அத்தை (7.04): முட்டைய விட்டுட்டேன். கரண்டி எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு

சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தி (7.08): மதினி, 16-ம் நாளு பாத்திரம் பிரிச்சப்ப நான் சருவச்சட்டி ஒண்ணுதான் எடுத்தேன். எல்லாரும் அங்கதான் இருந்தீங்க

செந்தில் அம்மா (7.09): இப்ப எதுக்கு அது

செந்தில் (7.10): நாளைக்கு டவுன் பக்கம் யாராச்சும் போறீங்களா. கொத்தனார் கரண்டி. கொத்தனார்!

பெரியப்பா (7.22): புதுசு எதுக்குடா? உங்க தாத்தா கரண்டி இருக்கே. கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டு மராமத்துக்குப் போனவரு அவரு. சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணி, முட்டை வெள்ளைக்கரு சேத்து இழைக்கிற செட்டிநாட்டுப் பூச்சுக்கு அவரக் கூப்பிட்டு விடுவாங்க. சாயங்காலம் வேலை விட்டா, கரண்டியக் கழுவி, துடைச்சு, தேங்காண்ணெய் தடவி மாட்டிட்டுத்தான் சோத்துல கை வைப்பாரு. வழிச்சு வழிச்சு முனை தேஞ்சு, அரச இலை பூவரசு இலையா ஆயிருக்கும். பிடில பெருவிரல் படுற இடத்துல மட்டும் ஒரு பள்ளம்.

திருப்பூர் சித்தப்பா (7.26): அண்ணே அது எங்க வீட்டுலதான் இருக்கு. ரோஜாத் தொட்டிக்கு மண் அள்ள வச்சிருக்கோம்

பெரியப்பா (7.26): மண் அள்ளவா

திருப்பூர் சித்தப்பா (7.40): அண்ணே

திருப்பூர் சித்தப்பா (7.52): கழுவி எண்ணெய் தடவியாச்சு. நாளைக்கு ராத்திரி பஸ்ல கொண்டாறேன். மன்னிச்சிருங்கண்ணே
[படம்]

கவிதா (7.53): பிடில அந்தப் பள்ளம் தெரியுது பெரியப்பா

மாமா (7.53): ஆமா

தேனி அத்தை (7.55): அப்பா இந்தக் கரண்டில சம்பாதிச்சதத்தான் அம்மா அந்தக் கரண்டில எங்களுக்குப் போட்டா

பெரியப்பா (8.01): "சுட்ட சட்டி சட்டுவம் கறிச்சுவை அறியுமோ"ன்னு சிவவாக்கியர் கேட்டாரும்மா. கறி பூரா சட்டுவத்த உரசித்தான் போகுது, அதுக்கு ருசி தெரியாது

தேனி அத்தை (8.03): பிடிச்ச கைக்கு மட்டும் தெரிஞ்சதா அண்ணே. அம்மா ஒரு நாளாவது உக்காந்து சூடா சாப்பிட்டுப் பாத்திருக்கியா நீ

பெரியப்பா (8.09): இல்லம்மா

செந்தில் (8.20): மேஸ்திரிக்கு போன் போட்டேன். புதுசுதான் வேணுமாம். பூஜை முடிஞ்சதும் அத அவரே வச்சுக்குவாராம், அதான் அவுக வழக்கமாம்

பெரியப்பா (8.21): வச்சுக்கட்டும். முதல் கல்லுக்கு மட்டும் அப்பா கரண்டி

செந்தில் (8.22): கேட்டேன். யோசிக்கிறாரு. இன்னொருத்தர் கை பழகுன கரண்டிய எடுக்க மனசு வரலங்குறாரு

பெரியப்பா (8.24): அது நியாயம்தான். அப்ப கலவை போடுறது நீ. அவரு கல்ல வைக்கட்டும்

செந்தில் (8.24): எனக்குப் பிடிக்கவே தெரியாதே

பெரியப்பா (8.25): நான் வந்து காட்டுறேன்

மாமா (8.26): மேஸ்திரிகிட்ட நான் பேசவா

செந்தில் அம்மா (8.26): வேணாம்ணே. ஓடு மாத்த வந்தவருகிட்ட நீங்க பேசுனதே போதும்

கவிதா (8.30): அப்ப என் குழிக்கரண்டி?

செந்தில் அம்மா (8.31): கொண்டா. 60 பேருக்குப் பொங்கல் போடுறோம், சாம்பார் வாளிக்கு ஒரு கரண்டி குறையுது

பிரபு (8.44): மீதியும் படிச்சிட்டேன். அப்ப தவியும் குழிக்கரண்டியும் ஒண்ணா?

சித்தி (8.58): மதினி, பரண்ல மாமனாரு சாமான் சாக்கு ஒண்ணு கிடக்கு. தூக்குக்குண்டு, மட்டப்பலகை எல்லாம். அதுக்குள்ள நீளமா ஒரு காம்பு தெரியுது. இருட்டா இருக்கு, காலைல ஏறிப் பாக்குறேன்

தேனி அத்தை (8.58): காலைலயா

தேனி அத்தை (8.59): டார்ச் இல்லையா

செந்தில் (9.05): பால் யாருன்னு இன்னும் ஒருத்தரும் சொல்லல