மாட்ரிட்–லிஸ்பன் விமானம்: போக 20 நிமிடம், திரும்ப 2 மணி 20 நிமிடமா?

கேள்வி:
வணக்கம். வரும் அக்டோபர் கடைசி வாரத்தில் மாட்ரிட்டிலிருந்து லிஸ்பனுக்குச் சென்று, நான்கு நாள் தங்கித் திரும்பவிருக்கிறேன். போகும் விமானம் 15:10-க்குப் புறப்பட்டு 15:30-க்குச் சேரும் என்றும், திரும்பும் விமானம் 11:00-க்குப் புறப்பட்டு 13:20-க்குச் சேரும் என்றும் பயணச்சீட்டில் உள்ளது. எப்படியும் சராசரியாக 1 மணி 20 நிமிடம்தான் ஆகும் என்று நானே முடிவு செய்து, 12:20-க்கு மாட்ரிட் வந்துவிடலாம் என்ற கணக்கில் அங்கிருந்து 14:25-க்கு ரோமுக்குத் தனிச்சீட்டும் எடுத்துவிட்டேன். பிழை சீட்டிலா, என் கணக்கிலா?

பதில் 1:
சீட்டில் பிழை இல்லை. புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சாகும். லிஸ்பன் கடிகாரம் மாட்ரிட்டைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுவதால், இரு திசையிலும் உண்மையான பயணம் 1 மணி 20 நிமிடமே. தங்கள் சராசரி சரி. ஆனால் 13:20 என்பதே மாட்ரிட் நேரம்தான், அதிலிருந்து ஒரு மணி நேரத்தைக் கழித்திருக்கக் கூடாது. நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 500 கி.மீ. சீட்டில் உள்ள கால அளவில், ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வதும், இறங்கியபின் நிறுத்துமிடம் சேர்வதும் அடங்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை மாற்றுவார்களே, அதனால் இந்த வேறுபாடு மாறுமா? ரோம் விமானத்தைப் பிடிக்க இயலாது எனில், ரயிலில் முன்கூட்டியே திரும்பலாமா?

பதில் 2:
மாறாது. லிஸ்பனில் 2 மணியை 1 மணியாக மாற்றும் அதே நொடியில் மாட்ரிட்டில் 3 மணியை 2 மணியாக மாற்றுகிறார்கள். சொல்லப்போனால் இந்த ஒரு மணி நேர வேறுபாடே செயற்கையானது: தீர்க்கரேகைக் கணக்குப்படி இரு நகரங்களின் சூரியனுக்கும் இடையே சுமார் 22 நிமிடமே உள்ளது. 1940-இல் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி ஸ்பெயினின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது, அது இன்றுவரை அப்படியே நீடிக்கிறது. ஜூன் மாதத்தில் மாட்ரிட்டில் இரவு 9:45-க்கும் வெயில் அடிப்பது அதனால்தான்.

ரயிலை நம்ப வேண்டாம். இரு நகரங்களுக்கும் இடையே ஓடிய நேரடி இரவு ரயில் 2020 மார்ச்சில் நின்றுவிட்டது. எல்லையோர ஸ்பானிய நகரமான படாஹோஸில் வண்டி மாறிச் சென்றால் பகல் முழுவதும் போய்விடும்.

ரோம் விமானத்துக்கு இருப்பது 1 மணி 5 நிமிடம். மூன்று நாடுகளும் தமக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதி என்பதால் கடவுச்சீட்டுச் சோதனை இராது. ஆயினும் தனித்தனிச் சீட்டு என்றால், பெட்டியைத் தாங்களே எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். மாட்ரிட்டின் பராஹாஸ் விமான நிலையத்தின் நான்காம் முனையம் மற்ற மூன்றிலிருந்தும் தள்ளி இருப்பதால், முனையம் மாற வேண்டுமெனில் பேருந்தும் ஏற வேண்டும். நான் தங்கள் இடத்தில் இருந்தால் ரோம் சீட்டை மாலைக்கு மாற்றிவிடுவேன்.

கேட்டவர்:
கட்டணம் செலுத்தி 18:40 விமானத்துக்கு மாற்றிக்கொண்டேன். அது மாட்ரிட் நேரம் என்பதை இம்முறை இருமுறை சரிபார்த்தேன்.