பெரிடியோலுக்கு ‘முட்டை’ வேண்டாம், ‘வித்துவில்லை’ எப்படி?

வணக்கம்.

பறவைக்கூட்டுப் பூஞ்சைகள், முட்டையிட்ட சிறு கூடு போன்ற கிண்ண வடிவப் பூஞ்சைகள். அவற்றின் அருங்காட்சியகப் பதிவுகளுக்கான சொற்பட்டியலில், கிண்ணத்துக்குள் முட்டைபோல் கிடக்கும் வித்துப் பொதியான பெரிடியோலுக்கு ‘முட்டை’ என்று போட்டிருக்கிறோம். பேச்சுக்குச் சரி. கூடு என்றால் முட்டையும் வந்துவிடுகிறது. ஆனால் பறவை முட்டைகளையும் சேர்த்து வைத்திருக்கும் அருங்காட்சியகங்கள் பல. அங்கே ‘கூடு உண்டு, முட்டை இல்லை’ என்று பதிந்தால், தேடுகிறவர் பறவைப் பிரிவுக்குப் போய் நிற்பார்.

நான் முன்வைப்பது ‘வித்துவில்லை’. பெரிடியோல் ஓரிரு மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டையான வட்டு. உள்ளே பூஞ்சையின் இனப்பெருக்க வித்துகளான பசிடிய வித்துகள் அடைந்திருக்கும். கற்பூர வில்லையைப் பார்த்தவர்களுக்கு வடிவம் உடனே பிடிபடும். நண்பர் ஒருவர் சொன்ன ‘வித்துச்சிமிழ்’ அழகான சொல்தான். ஆனால் சிமிழ் என்றதும் மூடியுள்ள கிண்ணம்தான் நினைவுக்கு வரும், இங்கே இளம் கிண்ணத்துக்கே மூடுசவ்வு இருக்கிறது. எது எதன் சிமிழ் என்ற குழப்பம் நமக்கு எதற்கு?

இந்த உறுப்புக்கு இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. மழைத்துளி கிண்ணத்தில் விழும் வேகத்தில் வில்லைகள் ஒரு மீட்டர் வரைகூடத் தெறிக்கும். கனடாவின் பூஞ்சையியலாளர் ஹெரால்ட் பிராடி இதைச் சோதித்துப் பார்த்தவர். 1975-இல் இப்பூஞ்சைகளுக்கென்றே ஒரு நூல் எழுதினார். மழைக்குப் பின் சேகரித்தால் கையில் சிக்குவது வெறுங்கிண்ணமாகவும் இருக்கலாம். ஆகவே ‘வித்துவில்லை: உண்டு / இல்லை / (மாதிரியை வைக்கும்) உறை அடியில் உதிர்ந்துள்ளது’ என்று பதிய ஓர் இடம் கட்டாயம் வேண்டும். சின்சினாட்டியின் கர்டிஸ் கேட்ஸ் லாய்ட் 1906-இல் இப்பூஞ்சைக் குடும்பத்தைப் பற்றி எழுதியவர்; அவருடைய பூஞ்சைச் சேகரிப்பு இன்று மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில்லில் இருக்கிறது. அதுபோன்ற பழைய உறைகளைத் திறக்காமலே உள்ளே என்ன மிஞ்சியிருக்கிறது என்று அறியப் பதிவுதான் வழி.

அடுத்தது வில்லையைக் கிண்ணத்தோடு இணைக்கும் இழையான ஃபியூனிக்குலஸ். பட்டியலில் ‘சூல்காம்பு’ என்றிருப்பதை எடுத்துவிடுவோம். பூஞ்சையில் சூல் கிடையாது, அது பூக்கும் தாவரத்தின் சொல். முதுகுநாண் ஏற்கெனவே பழகிய சொல் என்பதால் ‘வில்லைநாண்’ என்கிறேன். சயாதஸ் பேரினத்தில் வில்லை இந்த நாணால் கிண்ணச் சுவரோடு பிணைந்திருக்கும். தெறிக்கும்போது நாண் நீண்டு, ஒட்டும் நுனியால் புல்லிலோ குச்சியிலோ சுற்றிக்கொள்ளும். நிடுலா பேரினத்தில் நாணே இல்லை, வில்லைகள் பசைக்குள் கிடக்கும். பேரினத்தைப் பிரிக்கவே உதவும் அடையாளம் இது. குறிப்புப் பத்தியில் புதைக்காமல் தனிக் கட்டமாகவே வைக்கலாம்.

பேரினப் பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம், ஒலிபெயர்ப்பே போதும். ‘வில்லைநாண்’ பற்றி மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.