தெள்ளு மாத்திரை நாய்க்கு விஷமா? பாதி படித்துவிட்டுப் பயமுறுத்துகிறவர்கள் இங்கே வரவும்

கருப்பன் வீடு:
பக்கத்து இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "தெள்ளைக் கொல்லும் மாத்திரை நாயையும் மெல்லக் கொல்லும், 2018லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ எச்சரித்துவிட்டது." அதற்குக் கீழே ஒரு கூட்டமே ஆமாம் போடுகிறது. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அந்த செப்டம்பர் 2018 அறிவிப்பை முழுதாகப் படியுங்கள். அஃபாக்ஸோலானர், ஃப்ளூராலானர், சரோலானர் எல்லாம் ஐசாக்ஸசோலின் என்ற வகைத் தெள்ளு மருந்துகள். இவை சில நாய்களுக்குத் தசை நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு உண்டாக்கலாம் என்று அதில் இருக்கிறது. இவற்றைப் பாதுகாப்பானவை, பலன் தருபவை என்றே கருதுகிறோம் என்றும் அதிலேயே இருக்கிறது. தடை எங்கே வந்தது? லேபிளில் எச்சரிக்கைதான் சேர்ந்தது.

வேப்பங்கொழுந்து:
கூட்டம் என்று சொன்னது என்னைத்தான், புரிகிறது. ஒரே கேள்வி. முன்பு வலிப்பே வராத நாய்க்கும் வலிப்பு வரலாம் என்று அதே அறிவிப்பில் இருக்கிறதா, இல்லையா?

கருப்பன் வீடு:
இருக்கிறது. பாதுகாப்பானவை என்பதும் இருக்கிறது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

வேப்பங்கொழுந்து:
வலிப்பே வராத நாய்க்கும் வரலாம். அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

லேப்ரடார் மீரா:
அண்ணா, எங்கள் நாய்க்குட்டிக்கு வால் அடியில் முடியெல்லாம் கொட்டிவிட்டது, ராத்திரி முழுக்கக் கடித்துக்கொண்டே இருக்கிறது. முடியை விலக்கினால் மிளகுத்தூள் மாதிரி கறுப்பாக ஏதோ. இது தெள்ளுதானா? எதைக் கொடுப்பது?

கருப்பன் வீடு:
அந்தத் தூளை ஈரப் பஞ்சில் வைத்து லேசாக அழுத்திப் பாருங்கள். சுற்றிலும் செம்பழுப்பாகக் கறை பரவினால் அது தெள்ளின் எச்சம், அதாவது உங்கள் குட்டி இழந்த ரத்தம். குட்டிகளுக்கு இதனாலேயே ரத்தசோகை வரும். தெள்ளை விழுங்கினால் நாடாப்புழுவும் வரும். மருந்தின் ஆபத்தை மட்டும் பேசுகிறவர்கள் மருந்து போடாததன் ஆபத்தைப் பேசுவதே இல்லை. எதைக் கொடுப்பது என்று நான் சொல்ல மாட்டேன் தங்கச்சி. குட்டியை எடை போட்டு, வயதையும் சொல்லி, முன்பு வலிப்பு வந்ததா என்பதையும் கால்நடை மருத்துவரிடம் சொல்லிக் கேளுங்கள்.

வேப்பங்கொழுந்து:
மீரா, ரசாயனமே வேண்டாம்மா. சாப்பாட்டில் கொஞ்சம் பூண்டு நசுக்கிப் போடு. அந்த வாசனைக்குத் தெள்ளு ஓடிவிடும்.

மருந்துப்பெட்டி:
தயவுசெய்து போடாதீர்கள் மீரா. பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மாத்திரையை விஷம் என்று சொல்லிவிட்டு உண்மையான நச்சை ஊட்டச் சொல்வது என்ன நியாயம் ஐயா?

வேப்பங்கொழுந்து:
எங்கள் வீட்டு நாய்கள் பூண்டு தின்று நன்றாகத்தான் இருந்தன. ஒன்றுக்கும் வலிப்பு வரவில்லை.

கருப்பன் வீடு:
பார்த்தீர்களா, தன் வீட்டு நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் பூண்டு பாதுகாப்பு. எங்கள் கருப்பன் மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருக்கிறான் என்று நான் சொன்னால் அது மட்டும் கணக்கில் வராது! போன வருடம் பச்சைக் கறி விவாதத்திலும் இவர் இதையேதான் செய்தார்.

வேப்பங்கொழுந்து:
பச்சைக் கறியை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? அன்றைக்கு நீங்கள் என் பதிவை நிர்வாகியிடம் சொல்லி நீக்க வைத்ததை நான் மறக்கவில்லை.

கருப்பன் வீடு:
நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் தப்பில்லை. விஷயத்துக்கு வாருங்கள். இந்த மருந்து பூச்சியின் நரம்பில் குளோரைடு போகும் வாசலை அடைக்கிறது. அடங்க வேண்டிய நரம்பு அடங்காமல் துடித்துப் பூச்சி சாகிறது. நாய்க்கும் அதே மாதிரி வாசல் உண்டு, ஆனால் பூச்சியின் வாசலில்தான் மருந்து பலமாக ஒட்டும். அதனால்தான் பெரும்பாலான நாய்களுக்கு ஒன்றும் ஆவதில்லை.

வேப்பங்கொழுந்து:
நாய்க்கும் அதே வாசல் உண்டு என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். வலிப்பே வராத நாய்க்கும் வருவது அதனால்தான். நன்றி.

சோமு:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஃப்ளூராலானர் மாத்திரை ஒருமுறை கொடுத்தால் 12 வாரம் வேலை செய்யும். நடுவில் நடுக்கம் வந்தால் என்ன செய்வது? கழுத்தில் விடும் சொட்டு மருந்தையாவது சோப்புப் போட்டுக் கழுவலாம், விழுங்கியதை எப்படிக் கழுவுவது? நான் சொட்டு மருந்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மருந்துப்பெட்டி:
சோமு சார், சொட்டு மருந்து என்றால் எது? நாய்க்கான சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். வீட்டில் பூனை இருந்தால் அது உயிருக்கே ஆபத்து. பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது. மருந்து காயாத நாயோடு ஒட்டிப் படுத்தாலே நடுக்கம் வரலாம்.

சோமு:
என்னிடம் பூனையே இல்லை. கேட்காததற்கெல்லாம் பாடம் எடுக்காதீர்கள். 12 வாரத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

மருந்துப்பெட்டி:
படிக்கிற மற்றவர்கள் வீட்டில் பூனை இருக்கும்.

கருப்பன் வீடு:
12 வாரம் பயமாக இருந்தால் ஒரு மாதம் மட்டும் வேலை செய்யும் மாத்திரை இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். இதற்குப் போய் இவ்வளவு கோபமா? மீரா, எந்த மருந்து போட்டாலும் படுக்கையைச் சுடுநீரில் துவையுங்கள், தரையைத் தூசி உறிஞ்சியால் எடுங்கள். நாய் மேல் தெரிவது கொஞ்சம்தான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் வீட்டுக்குள்தான் கிடக்கும். அது தெரியாமல் ஒரே மாதத்தில் மருந்து வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டிக் கொடுப்பவர்களால்தான் பாதி விபரீதம்.

வேப்பங்கொழுந்து:
தரையைப் பெருக்கினால் வலிப்பு போய்விடுமா?

கருப்பன் வீடு:
அந்த ஒரு வரியைத் தவிர வேறு எதையுமே நீங்கள் படிக்கவில்லை என்பது இப்போது உறுதி.

வேப்பங்கொழுந்து:
அந்த ஒரு வரியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நீங்கள் பேசுகிறீர்கள். வலிப்பு வந்த நாயைக் கையில் பிடித்துப் பாருங்கள், அப்புறம் வந்து பேசுங்கள்.

லேப்ரடார் மீரா:
பஞ்சில் சிவப்பாகத்தான் வந்தது. நாளைக் காலை மருத்துவரிடம் கொண்டுபோகிறோம்.

வேப்பங்கொழுந்து:
மாத்திரை எழுதினால் முன்பு வலிப்பே வராத நாய்க்கும் வருமா என்று அவரிடமே கேளும்மா. என்ன சொல்கிறார் என்று இங்கே போடு.

கருப்பன் வீடு:
பாதுகாப்பானவை என்று அதே அறிவிப்பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள் தங்கச்சி. அதையும் போடுங்கள்.

சோமு:
12 வாரத்தையும்.