வேலை போய் 45 நாள் ஆகிறது, ஈஎஸ்ஐ உதவித்தொகை விண்ணப்பம் நகரவில்லை, என்ன செய்ய?

பி ஷிஃப்ட்:
வணக்கம். ஒரகடத்தில் ஒரு ஆலையில் கன்ட்ராக்டில் மூன்று வருடம் வேலை பார்த்தேன், சம்பளம் 18,000. ஆர்டர் குறைந்துவிட்டதாம், பிப்ரவரி 1-லிருந்து எங்கள் லைனில் பாதிப் பேரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை, சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் போட்ட ஒரு வரிதான். ஈஎஸ்ஐ-யில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வேலை போனவருக்குப் பணம் தருவார்கள் என்று கேள்விப்பட்டு போர்ட்டலில் போட்டுப் பார்த்தால் நான் இன்னும் வேலையில் இருப்பதாகக் காட்டுகிறது. கன்ட்ராக்டருக்குப் போன் செய்தால் ‘ரிசைன் லெட்டர் எழுதிக் கொண்டு வா, உடனே முடித்துத் தருகிறேன்’ என்கிறார். கொடுத்துவிடலாமா? அம்மாவுக்கு சர்க்கரை மாத்திரை ஈஎஸ்ஐ-யில்தான் வாங்குகிறோம், அதுவும் நின்றுவிடுமா?

கிண்டிக்காரன்:
எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்திருந்தால் மாதம் 600 ரூபாய் கிடைக்கும், முயற்சி செய்து பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
அது வேறு திட்டம் நண்பா. பதிவு செய்து 5 வருடம் காத்திருந்த பட்டதாரிக்குத்தான் அந்த 600, பத்தாவதுக்கு 300. நேற்று வேலை போனவருக்கு அது உதவாது.

பி ஷிஃப்ட், லெட்டர் மட்டும் கொடுக்காதீர்கள். பத்து வருடம் சம்பளப் பட்டியல் போட்டவன் சொல்கிறேன். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் விருப்ப ஓய்வில் போனவருக்கும் இந்த ஈஎஸ்ஐ பணம் கிடையாது. ஈஎஸ்ஐ கிளை அலுவலகம் உங்கள் மனுவை முதலாளியிடம் சரிபார்க்கும், அப்போது ‘அவராகவே விட்டுப் போனார்’ என்று உங்கள் கையெழுத்தையே எடுத்து நீட்டுவார்கள்.

போர்ட்டல் ஏன் அப்படிக் காட்டுகிறது என்றால், மாதச் சந்தா போடும்போது வேலைநாள் பூஜ்யம் என்றால் ஒரு காரண எண் போட வேண்டும். 2 என்றால் வேலையை விட்டார், 10 ஆட்குறைப்பு, 11 வேலை இல்லை. உங்கள் கன்ட்ராக்டர் 11-ஐப் போட்டுவிட்டு, கடைசி வேலைநாளைக் குறிக்காமல் விட்டிருப்பார் என்று நினைக்கிறேன். லெட்டர் வந்ததும் 2 போட்டு முடிக்கலாம் என்று காத்திருக்கிறார்.

ஆயாவின் பேரன்:
நான் இந்தப் பணத்தை வாங்கியவன். திட்டத்தின் பெயர் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா, 2018 ஜூலையில் வந்தது. பழைய வீடியோக்களைப் பார்த்துக் குழம்பாதீர்கள், அதில் 25 சதவீதம், 90 நாள் காத்திருக்க வேண்டும், 20 ரூபாய் பத்திரத்தில் நோட்டரி என்றெல்லாம் இருக்கும். 2020-ல் அதை 50 சதவீதமாக்கி, 30 நாள் கழிந்தால் போதும் என்று மாற்றிவிட்டார்கள், பத்திரமும் வேண்டாம். ஆனால் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, அதிகபட்சம் 90 நாளுக்குத்தான். இரண்டு வருடமாவது ஈஎஸ்ஐ-யில் இருந்திருக்க வேண்டும், வேலை போகும் முன் இருந்த ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டும் சரியாக இருக்கும்.

கணக்கு இப்படி: கடைசி நான்கு சந்தாக் கால (அதாவது இரண்டு வருட) சம்பளத்தை 730-ஆல் வகுத்து அதில் பாதி. 18,000 என்றே வைத்தால் நாளுக்குச் சுமார் 296, 90 நாளுக்கு 26,600 சொச்சம். ஓவர்டைம் பார்த்திருந்தால் கொஞ்சம் மாறும்.

முதலாளி அனுப்ப வேண்டும் என்றில்லை, நீங்களே நேராகக் கிளை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். ஆதார், பாஸ்புக் நகல் போதும், கூடவே அந்த வாட்ஸ்அப் வரியையும் தேதி தெரிகிற மாதிரி பிரிண்ட் எடுத்து வையுங்கள். அவ்வப்போது நீட்டிக்கிற திட்டம் இது, எனவே இப்போது எந்தத் தேதி வரை என்று அங்கேயே கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
அம்மா மாத்திரைக்குப் பயப்பட வேண்டாம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி–ஜூன், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை–டிசம்பர் வைத்தியம். ஜனவரி முடிய வேலை பார்த்திருக்கிறீர்கள், 78 நாள் தாண்டியிருக்கும், ஆகவே டிசம்பர் வரை கவலை இல்லை. பிஎஃப் தனி, அது உங்கள் சேமிப்பு. அதில் வெளியேறிய தேதியை, கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனபின் நீங்களே பதியலாம்.

பி ஷிஃப்ட்:
இன்று கிளை அலுவலகம் போனேன். மனுவை வாங்கி முத்திரை போட்டு நகல் கொடுத்தார்கள். அந்த முத்திரையைப் போட்டோ எடுத்து கன்ட்ராக்டருக்கு அனுப்பினேன், மத்தியானம் அவரே கூப்பிட்டு ‘எதுக்கு தம்பி ஆபீசுக்கெல்லாம்’ என்றார். சாயங்காலம் பார்த்தால் கடைசி வேலைநாள் ஜனவரி 31 என்று ஏறியிருக்கிறது. பணம் வந்ததும் எழுதுகிறேன், ரொம்ப நன்றி அண்ணா.

சி ஷிஃப்ட்:
நானும் அதே லைன். நான் போன வாரமே லெட்டர் கொடுத்துவிட்டேனே, என்ன செய்ய?

கணக்குப்பிள்ளை:
லெட்டரில் என்ன தேதி? வாட்ஸ்அப் செய்தி அதற்கு முந்தையது என்றால், வர வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் எழுதி வாங்கினார்கள் என்று மனுவில் இரண்டு வரி சேர்த்து, செய்தியையும் இணைத்து நாளைக்கே கொடுங்கள். லைனில் இன்னும் எழுதிக் கொடுக்காதவர்கள் யாராவது இருந்தால் இன்று ராத்திரியே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.