புது ஃபைபர் படகில் தண்ணீர் ஊறுகிறது, யார்டுக்காரர் கைவிரிக்கிறார்: வழக்குப் போட முடியுமா?

கீழத்தெரு_மகன்:
அப்பா நாகப்பட்டினம் பக்கம் படகு கட்டும் ஒரு யார்டில் புது ஃபைபர் படகு வாங்கினார், ஒரு வருடம்கூட ஆகவில்லை, அடியில் அடுக்கு பிரிந்து தண்ணீர் ஊறுகிறது. கேட்டால் "பாறையில் மோதியிருப்பீர்கள்" என்கிறார் யார்டுக்காரர். கையெழுத்துப் போட்ட ரசீது இருக்கிறது, பாதிப் பணம் வங்கி வழியாகப் போனது. மீன்பிடிப்பது தொழில், தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் கோர்ட்டில் வழக்கு நிற்காது என்று ஊரில் சொல்கிறார்கள். உண்மையா?

வக்கீல்_குமாஸ்தா:
இல்லை தம்பி. வணிகத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருப்பது சரிதான், ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியது வணிகத்தில் சேராது என்று அதே பிரிவிலேயே விளக்கமும் இருக்கிறது. லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் (எதிர்த்தரப்பு நம் கோவை பிஎஸ்ஜி இன்ஸ்டிடியூட்) 1995இல், பழைய சட்டம் இருந்தபோதே, உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: உதவிக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்துக்கொண்டாலும் அவர் நுகர்வோர்தான். அப்பாவே கடலுக்குப் போகிறார் என்பதை மனுவிலேயே எழுதுங்கள், அது விட்டுப்போனால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும். நாலைந்து படகு வைத்து ஆள்விட்டு ஓட்டுபவர் என்றால் கதை வேறு.

அலைவாய்க்கரை:
தயவுசெய்து இப்போதைக்கு ஒட்டுப்போட்டு விடாதீர்கள்! பிரிந்த இடத்தைப் பல கோணத்தில் படம் எடுங்கள், படகு சர்வேயர் யாராவது பார்த்து எழுதிக்கொடுத்தால் இன்னும் நல்லது. மோதினால் வெளியே அடிபட்ட தடம் இருக்கும், ஃபைபர் அடுக்குகளை ஒட்டும் ரெசின் பசை சரியாக ஊறாததால் அடுக்கு பிரிந்தால் அப்படி இருக்காது, அந்த வித்தியாசத்தைக் காட்டுவதில்தான் வழக்கே இருக்கிறது.

கீழத்தெரு_மகன்:
நன்றி அண்ணா. அப்பாவேதான் போகிறார், கூட சித்தப்பா மட்டும். செலவு எவ்வளவு ஆகும்? யார்டு இருக்கும் ஊரில்தான் போட வேண்டுமா?

வக்கீல்_குமாஸ்தா:
வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே (நுகர்வோர் கோர்ட் என்பது அதுதான்) போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடம் கெடு, அதனால் யார்டுக்காரர் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இழுத்தால் காத்திருக்காதீர்கள், முதலில் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள்.

மீனவன்_தூத்துக்குடி:
பழைய படகு வாங்க நினைப்பவர்களும் கவனியுங்கள். இன்னொரு மீனவர் தன் படகை விற்றால் அவர் வியாபாரி கிடையாது, தகராறு வந்தால் சிவில் கோர்ட்தான் போக வேண்டியிருக்கும். அதனால் படகின் மேல் கடன் இருக்கிறதா என்று பார்த்து, மீன்வளத்துறைப் பதிவில் பெயர் மாற்றவும் ஏற்பாடு செய்த பிறகு முழுப் பணத்தைக் கொடுங்கள். பதிவு பழைய ஆள் பெயரிலேயே கிடந்தால் மானிய டீசலுக்கும் அலைச்சல்தான்.