கறுப்பு அம்பாசடர் கம்பீரமாகத் தெரிய என்ன செய்யலாம்?

கேள்வி: புதுசா கறுப்புப் பெயின்ட் அடிச்சிருக்கு. வெயிலில் பார்த்தா வட்ட வட்டமா கீறல். அலாய் வீல், கூடுதல் குரோம் பட்டை போட்டா எடுப்பா இருக்குமா?

பதில் 1: அலாய் வேண்டாம் அண்ணே. 15 அங்குல இரும்பு வீலும் பளபளக்கும் வீல் கப்பும்தான் அந்த வண்டிக்கு அழகு. கீறல் அழுக்குத் துணியால வருது. சோப்புக்கு ஒரு வாளி, துணி அலச ஒரு வாளி. மேலிருந்து கீழே கழுவுங்க. மெழுகு பாலிஷ் பூச குறைஞ்சது 30 நாள் பொறுங்க, பெயின்ட் முழுசா காயணும். பாலிஷ் மெஷினை பானெட் விளிம்பில் அழுத்தினா பெயின்ட் தேய்ஞ்சு அடிப்பூச்சான பிரைமர் தெரிஞ்சிடும்.

பதில் 2: பம்பர் துருப்புள்ளிக்கு அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணியில நனைச்சு மெதுவா தேய்ங்க. குரோம் உரிஞ்சிருந்தா மறுபூச்சுதான்.

பதில் 3: முதல்ல கதவு இடைவெளியைப் பாருங்க! கீல் தேய்ஞ்சு கதவு தொங்கினா எந்தப் பெயின்ட்டும் எடுபடாது.