செஸ்ஸில் யானை எண்ட்கேம் (ஆட்டத்தின் கடைசிக் கட்டம்) சொல்லித்தர மும்பையில் யாராவது இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் செம்பூரில் இருக்கிறோம். மகள் ஏழாம் வகுப்பு, செஸ் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவளுக்கு. ஓப்பனிங் எல்லாம் கடகடவென்று ஆடுவாள், ஆனால் காய்கள் குறைந்து ராஜா, யானை, சிப்பாய் மட்டும் மிஞ்சிவிட்டால் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தையும் டிராவில் கொண்டுபோய் விடுகிறாள்.

செஸ் மாஸ்டர் ரிச்சர்ட் ரெட்டி 1921-இல் அமைத்த புதிரைக் காட்டினேன். வெள்ளை ராஜா எச்8 கட்டத்தில், சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் எச்5. வெள்ளை முதலில் ஆடி டிரா செய்ய வேண்டும். பார்த்தால் அந்தக் கறுப்புச் சிப்பாயைப் பிடிக்கவே முடியாது, ஆனால் ராஜா ஜி7, எஃப்6, இ5 என்று மூலைவாட்டில் இறங்கும்போது ஒரே நடையில் அதையும் நெருங்குகிறது, தன் சிப்பாய்க்கும் துணையாகப் போகிறது, கறுப்பு இரண்டையும் தடுக்க முடியாது. அவ்வளவு ரசித்தாள்!

சரி, யானை எண்ட்கேமுக்கு எங்கிருந்து தொடங்குவது? ஜெயிக்கும் வழியைக் காட்டும் லூசெனா நிலை, டிரா செய்யும் வழியைக் காட்டும் ஃபிலிடோர் நிலை இரண்டையும் முதலில் மனப்பாடம் செய்ய வைப்பதா, இல்லை 1924 நியூயார்க்கில் டார்டகோவருக்கு எதிராக அப்போதைய உலகச் சாம்பியன் கபாபிளாங்கா சிப்பாய்களை விட்டுக்கொடுத்து ராஜாவை முன்னேற்றினாரே, அந்த மாதிரி ஆட்டங்களைக் காட்டுவதா? எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது, ஆனால் விளக்கிச் சொல்லும் அளவுக்கு ஞானம் இல்லை. (கம்ப்யூட்டர் விடை சொல்கிறது, காரணம் கேட்டால் வாய் திறப்பதில்லை.)

மாட்டுங்கா, சயான், செம்பூர் பக்கம் தமிழில் சொல்லித்தருகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் வசதி, ஃபீஸ் எவ்வளவு என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.